உப்புப்பட்ட புழுக்கள்

வாழைப்பழத் தோலைக் குப்பையில் எறிகிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு கேட்பதில்லை, ஐயா. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் உள்ளே வந்ததும் ஒரு பழத்தை உரித்து, தோலை அந்த நீல வாளியில், பேனா மூடியோடும் காகிதக் கோப்பையோடும் சேர்த்துப் போட்டீர்கள். அரை மணி நேரமாக என் கண் அங்கேயே இருக்கிறது. என் பெட்டியில் போட்டிருந்தால் பத்துப் பதினைந்து நாளில் அது இருந்த இடம் தெரியாது. மூன்றாம் மாதம் தேயிலைத் தூள் மாதிரி கறுப்பாக, உதிரி உதிரியாக உரம் கிடைத்திருக்கும். சரி, உங்கள் அலுவலகம், உங்கள் வாளி. நான் யார் சொல்வதற்கு.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். நான் முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவன். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் எப்படிக் கத்துவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. கதவை உதைப்பார்கள், அழுவார்கள், என் பரம்பரையையே இழுத்து வைத்து ஏசுவார்கள். நான் கதவிடுக்கில் வாயை வைத்து மெதுவாக, "பதறாதீங்க. கதவைத் தொடாதீங்க. நான் வெளியதான் இருக்கேன்" என்பேன். பதறாத காரியம் சிதறாது. முப்பத்தொரு வருஷத்தில் ஒருவர்கூட என் கையில் சாகவில்லை. வெளியே வந்ததும் முதல் காரியமாக என்னைத்தான் திட்டுவார்கள், அது வேறு விஷயம். நன்றியை எதிர்பார்க்கிறவன் அந்த வேலைக்கே போகக் கூடாது.

ஓய்வு பெற்று வீட்டோடு ஆனபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். நன்றாக ஓடுகிற தையல் மிஷினை நான் கழற்றிக் கழற்றி மாட்டினேன். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒருநாள், "ஏங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், என் மிஷினை விட்டுடுங்க. ஒரு செடியாவது வளருங்களேன்" என்றாள். செடி என்றால் உரம், உரம் என்றால் புழு. ஆக, இதெல்லாம் அவள் யோசனையில் ஆரம்பித்தது என்றே சொல்லலாம். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் அரை மணி தூரத்தில் ஒரு நாற்றுப் பண்ணை இருக்கிறது. அந்தப் பண்ணைக்காரர் ஒரு டப்பா சிவப்புப் புழு கொடுத்தார். நான் பலகையில் ஒரு பெட்டி அடித்தேன், மூன்றடிக்கு இரண்டடி, அடியில் சாறு வடிய ஒரு தட்டு. உள்ளே பழைய செய்தித்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்துப் போட்டு நனைக்க வேண்டும். ஈரம் எவ்வளவு என்றால், பிழிந்து உதறிய துணியைத் தொட்டால் இருக்குமே, அவ்வளவுதான். காய்கறித் தோல், தேயிலைச் சக்கை போடலாம். முட்டை ஓட்டைத் துணியில் கட்டிச் சுத்தியலால் தட்டிப் பொடியாக்கிப் போட வேண்டும். புழுவுக்குப் பல் கிடையாது, அந்தப் பொடிதான் அதற்குப் பல். உப்பு ஆகாது, எண்ணெய் ஆகாது. போட்டதைத் தின்று முடிக்கும்வரை புதிதாக எதுவும் போடக் கூடாது. இவ்வளவுதான் சட்டம். உங்கள் அலமாரியில் இருக்கிற சட்டப் புத்தகங்களைவிடச் சின்னது.

புதுப் பெட்டியில் விட்ட புழு முதல் வாரம் ஓடப் பார்க்கும். மூடிக்கு ஏறி, இடுக்கு வழியாக வெளியே விழுந்து, காலையில் தரையில் காய்ந்து கிடக்கும். வயிறு எரிந்தது எனக்கு. பண்ணைக்காரரிடம் போய் நின்றேன். "பெட்டிக்கு மேல ஒரு பல்பைப் போட்டு ராத்திரி பகலா எரிய விடுங்க சார். வெளிச்சத்துக்குப் பயந்து உள்ளயே கிடக்கும். ஒரு வாரத்துல பழகிடும்" என்றார். அப்படியே செய்தேன். நான்காம் நாள் ஒன்றுகூட மேலே வரவில்லை. அடிக்கவில்லை, அதட்டவில்லை, ஒரே ஒரு பல்பு. அன்று நான் பட்ட சந்தோஷம், கல்யாணமான அன்றுகூடப் பட்டதில்லை.

மனைவிக்கு வருகிறேன். அவள் யாருக்குத் தைத்துக் கொடுத்தாளோ அந்தக் கடைக்கார அம்மா, துணி வெட்டும் பிரிவைப் பார்த்துக்கொள்ள அவளைக் கூப்பிட்டார். போனாள். காலை எட்டுக்குப் போய் மாலை ஆறுக்கு வருவாள். தெருமுனையில் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டு வருவாள். கேட்டைத் திறந்ததும் சிரிப்பு நின்றுவிடும். கவனிப்பதுதானே என் தொழில், கவனித்தேன். எட்டு மாதம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, நான் பின்வாசலில் முட்டை ஓடு தட்டிக்கொண்டிருந்தபோது சூட்கேஸோடு வந்து நின்றாள்.

"கடைக்குப் பக்கத்துல ரூம் பார்த்திருக்கேங்க. இனிமே அங்கதான் இருக்கப்போறேன்."

"இங்க உனக்கு என்ன குறை வெச்சேன்?"

"குறைன்னு இல்லைங்க. எனக்கு மூச்சு விடணும்."

எங்கள் வீட்டில் ஆறு ஜன்னல் இருக்கின்றன, ஐயா. அதை அவளிடம் சொன்னேன். அவள் சூட்கேஸைத் தூக்கினாள். அன்று அவளுக்கு இரண்டு முழங்காலும் முறிந்துபோயின.

அதற்குப் பிறகு பதினோரு வாரம் அவளைப் பார்த்துக்கொண்டது நான் ஒருத்தன்தான். வேறு யாரும் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை. கடைசி அறையில் கட்டிலைப் போட்டு, இரண்டு மரச்சட்டம் வைத்துக் காலை நானே கட்டினேன். வெயில் முகத்தில் அடிக்காமலிருக்க ஜன்னலுக்குச் செய்தித்தாள் ஒட்டினேன். கதவுக்கு வெளியே ஒரு பல்பு, ராத்திரி பகலாக. கதவடியில் நிழல் அசைந்தால் சமையலறையிலிருந்தே எனக்குத் தெரியும். முதல் வாரம் அவளும் ஓடத்தான் பார்த்தாள். கால் உதவாது, கையால் இழுத்துக்கொண்டு வருவாள். கட்டிலிலிருந்து கதவுக்கு ஒன்பதடி. நான் இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "பதறாதே. கதவைத் தொடாதே. நான் வெளியதான் இருக்கேன்" என்பேன். கதவை நகத்தால் பிறாண்டுவாள். நான்கு நகம் போன பிறகு நிறுத்திக்கொண்டாள்.

சாப்பாட்டைத் தொடவில்லை. நான் வற்புறுத்தவில்லை, அதே தட்டை மூன்று நாள் வைத்திருந்தேன். வைத்தது முடியாமல் புதிது போடக் கூடாது. மூன்றாம் நாள் நாக்கு ஒட்டிக்கொண்ட குரலில், "தண்ணியாவது குடுங்க" என்றாள். "தட்டை முடி, தரேன்" என்றேன். முடித்தாள், கெட்டுப்போயிருந்தது, வாந்தி எடுத்தாள், தண்ணீர் கொடுத்தேன். அதற்கப்புறம் ஒரு தொந்தரவும் இல்லை. காலையில் ரொட்டி, மாலையில் ரொட்டியும் ஒரு கிண்ணம் சூப்பும். எனக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையைச் சூப்பில் பொடித்துப் போடுவேன். கசப்புத் தெரியாமலிருக்க உப்பைத் தூக்கலாகப் போடுவேன். வலியில் கிடக்கிறவளுக்குத் தூக்கத்தைவிட வேறு என்ன மருந்து.

மூன்றாம் வாரம் கடைக்கார அம்மா வந்தார். கேட்டிலேயே நிறுத்திப் பேசினேன். படியில் விழுந்துவிட்டாள், டாக்டர் யாரையும் பார்க்க விட வேண்டாம் என்கிறார் என்றேன். "அடக் கடவுளே, அவங்க இல்லாம என் கடையே நொண்டுதுங்க" என்று கண் கலங்கினார். கடையில் அவள் விட்டுவிட்டு வந்த கத்தரிக்கோலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷி. அவரை இதில் இழுக்காதீர்கள்.

எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். சரி. படியில் விழவில்லை. கையில் சுத்தியல் இருந்தது. அவள் முதல் படியில் கால் வைத்தாள். இடது முழங்காலில் ஒன்று, வலதில் ஒன்று. என் கணக்கு இரண்டு. ஆஸ்பத்திரிப் படத்தில் ஏழு இடத்தில் எலும்பு நொறுங்கியிருக்கிறது என்கிறீர்கள். படத்தோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் கோபத்தில் அடித்தான் என்று மட்டும் எழுதாதீர்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்று புத்தி நன்றாகவே வேலை செய்தது. தலையில் அடிக்கவில்லை. கையில் அடிக்கவில்லை. அவ்வளவு நேராகத் தைக்கிற கையைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆறாம் வாரம் வெயில் ஏறியது. பின்வாசலில் பெட்டி கொதிக்க ஆரம்பித்தது. வீட்டிலேயே குளிர்ச்சியாகவும் இருட்டாகவும் இருந்த இடம் அவள் அறை. பெட்டியைக் கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவளுக்கும் ஒரு துணை ஆயிற்று. தினமும் மூடியைத் திறந்து, ஈரம் தொட்டுப் பார்த்து, நாலு வார்த்தை பேசுவேன். ஒருநாள் சுவரைப் பார்த்தபடியே, "இதுங்களையாவது நல்லா இருக்கீங்களான்னு கேக்குறீங்க" என்றாள். வெகுநாளைக்குப் பிறகு அவளாகப் பேசினாள் என்று எனக்குச் சந்தோஷம்.

சும்மா கிடந்தால் மனசு கெட்டுப்போகும் என்று வேலையும் கொடுத்தேன். செய்தித்தாள் கிழித்துக் கொடுப்பாள். அளவுகோல் வைத்த மாதிரி இருக்கும். ஏழாம் வாரம் உரம் எடுத்தோம். பெட்டியில் இருப்பதைக் குவியலாகக் கொட்டி மேலே விளக்கைப் பிடித்தால் புழுவெல்லாம் அடிக்கு இறங்கிவிடும், மேலே இருக்கிற உரத்தை வழித்து எடுக்கலாம். இரண்டு கிலோ தேறியது. பண்ணைக்காரருக்கு உரம் கொடுத்தால் நாற்றுக் கொடுப்பார், அது எங்களுக்குள் ஒரு வழக்கம். உரத்தைத் துணிப்பையில் கொட்டி, வாயைத் தைக்கும்படி அவளிடம் கொடுத்தேன். ஊசியும் நூலும் கொடுத்தேன், கத்தரிக்கோல் கொடுக்கவில்லை. நூலைப் பல்லால் கடித்துக்கொண்டாள். இரண்டு மடிப்பு மடித்து இரட்டைத் தையல். நான் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு தையல் பிசகவில்லை. "வீட்டுக்காரம்மா தைச்சது" என்று பண்ணைக்காரரிடம் பெருமையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மடிப்புக்குள்ளே கறுப்பு நூலால் தன் தம்பியின் போன் நம்பரையும், 'என்னை அடைச்சு வெச்சிருக்கார்' என்பதையும் தைத்திருந்தாள் என்று நேற்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதை நானே மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போயிருக்கிறேன். என் விரலைக் கொண்டே என் கண்ணைக் குத்தியிருக்கிறாள். அந்த மனுஷர் பையை மூலையில் போட்டுவிட்டு, நான்கு வாரம் கழித்துத்தான் பிரித்து, அந்த நம்பருக்குப் போன் பண்ணியிருக்கிறார். நான்கு வாரமும் ஒவ்வொரு வாசல் மணிக்கும் அவள் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்திருப்பாள். அதை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

அந்த நான்கு வாரத்தில்தான் பெட்டி கெட்டது. தட்டில் சாறு வழிந்தது, புளித்த வாடை அடித்தது. தப்பு என்னுடையது, தோலை அதிகமாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்துக் காய்ந்த காகிதத்தைப் போட்டேன். மறுநாளும் ஈரம். மறுபடி காகிதம். லிஃப்ட் கயிற்றின் சத்தத்தை வைத்தே எந்த மாடியில் கோளாறு என்று சொன்னவன் நான். என் பெட்டிக்கு என்ன கேடு என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கிழித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். "இன்னும் கொஞ்சம் போடுங்க, ஈரமாத்தான் இருக்கு" என்று யோசனை வேறு சொன்னாள்.

போன வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மூடியைத் திறந்தேன். எதுவும் அசையவில்லை. கையை விட்டுக் கிளறினேன். ஆயிரக்கணக்கில், ஐயா. வெளுத்து, சுருங்கி, வெட்டிப் போட்ட நூல் மாதிரி கிடந்தன. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. கட்டிலோரத்து மூலையில் கேரட் துண்டுகள், நான் சூப்புக்கு நறுக்கியவை. ரொட்டியை மட்டும் தின்றுவிட்டுச் சூப்பை முழுக்கப் பெட்டியில் ஊற்றியிருக்கிறாள். இந்த நான்கு வாரமும் ஒரு மாத்திரைகூட அவள் வயிற்றுக்குப் போகவில்லை. நான் போர்வையை இழுத்துவிட்டு வந்த இரவெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு விழித்துக் கிடந்திருக்கிறாள். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"ஏன் இப்படிப் பண்ணினே?"

"எனக்குத் தூங்கப் பிடிக்கலைங்க."

அவ்வளவுதான் பதில். ஒரு மன்னிப்பு கிடையாது. நான் எழுந்து சமையலறைக்குப் போய்ச் சுத்தியலை எடுத்தேன். எதற்கு என்று கேட்பீர்கள். கைக்கு. ஊற்றியது அந்தக் கைதானே. கையெல்லாம் சாறு, சாவி வழுக்கியது, அதனால் அறையைப் பூட்டாமல் சாத்திவிட்டு மட்டும் வந்திருந்தேன். அப்போதுதான் வாசல் மணி அடித்தது.

என் மைத்துனன். லாரி ஓட்டுகிறவன், ஆறடி ஆள். தாய் போனபோது அவனுக்கு நான்கு வயது. இவள்தான் இடுப்பில் வைத்து வளர்த்தவள். சட்டைப் பொத்தானை ஏற இறங்கப் போட்டிருந்தான், முகம் வேர்த்திருந்தது.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன் மாமா. அக்கா எப்படி இருக்கு?"

"தூங்குறா. உட்காரு, டீ போடுறேன்."

"தூங்குறதையே ஒரு தரம் பார்த்துட்டு வரேனே."

"முதல்ல டீயைக் குடி."

பெரியவர் சொல்லைத் தட்டாதவன், உட்கார்ந்தான். அந்தக் குணம் அக்காவிடமிருந்து வந்தது. சுத்தியலை அடுப்புக்குப் பக்கத்தில், துணிக்கு அடியில் வைத்துவிட்டு டீ போட்டுக் கொடுத்தேன். "பகல்ல எதுக்கு மாமா அங்க லைட் எரியுது?" என்று கேட்டான். நான் பதில் யோசிப்பதற்குள் அவள் பேசிவிட்டாள். கத்தவில்லை, சாதாரணமாகவே, "தம்பி, நான் இங்கதான் இருக்கேன்" என்றாள்.

அவன் தலையை அந்தப் பக்கம் திருப்பினான். காதுக்குப் பின்னால் முதல் அடி. ஆள் பெரியவன், விழவில்லை. கோப்பையைக் கீழே வைக்கப் பார்த்தான், மேசை எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டாம் அடியில் நாற்காலியோடு சாய்ந்தான். நான் மேலே உட்கார்ந்துகொண்டேன். அவன் கை என் சட்டையைப் பிடித்து இழுத்தது. அந்தக் கையைத் தரையில் வைத்துத் தட்டினேன். பிறகு முகம். முதலில் கொஞ்சம் கெட்டியாக இருக்கும், அப்புறம் இருக்காது. நான் எண்ணவில்லை. உங்கள் டாக்டர் இருபத்தாறு என்று எண்ணியிருக்கிறார், பொறுமைசாலி. அவன் என்னை அடிக்க வந்தானா என்று மூன்று தரம் கேட்டுவிட்டீர்கள். வரவில்லை. உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஆளை அடித்துக் கொன்றேன். மனைவியின் காலை உடைத்து அடைத்து வைத்ததும் நான்தான். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன்.

முடித்துவிட்டு அறைக்குப் போனேன். கட்டில் காலி. போனவள் எங்கே போய்விடப் போகிறாள், முதலில் உயிரோடு இருப்பதைக் காப்பாற்றுவோம் என்று பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். அடியில் நாற்பத்துமூன்று புழு மிச்சம் இருந்தன. ஒவ்வொன்றாக நல்ல தண்ணீரில் கழுவி ஒரு மக்கில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் ஆட்கள் வந்தார்கள். அந்த மக்கு இப்போது எங்கே என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

இப்போது அவள் கொடுத்த வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்கள். தெருவுக்குப் போகச் சமையலறை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த வாசலில் ஊர்ந்து வந்தபோது தம்பிக்கு இன்னும் உயிர் இருந்தது என்கிறாள். ஒரு கண் தன்னைப் பார்த்தது, வாய் "போ" என்று அசைந்தது என்கிறாள். வாசல் தாண்டி நாற்பதடி, வெயிலில், முழங்கையால் ஊர்ந்து கேட்டைத் தள்ளிக்கொண்டு தெருவில் போய் விழுந்திருக்கிறாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தேன், எனக்கு எதுவும் தெரியாது.

அதில் 'தப்பித்து ஓடினாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஓர் இடத்தை மட்டும் திருத்துங்கள், ஐயா. யோசித்துப் பாருங்கள். தூக்கி வளர்த்த தம்பி கண்ணெதிரே அப்படிக் கிடக்கிறான். வேறொருத்தியாக இருந்தால் கத்தி ஊரைக் கூட்டியிருப்பாள். இவள் தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு, உடைந்த காலை இழுத்துக்கொண்டு, என் முதுகுக்கு இரண்டடி பின்னால் சின்னச் சத்தம்கூட இல்லாமல் போயிருக்கிறாள். இருபத்துநான்கு வருஷம் கூட வாழ்ந்தவள், ஐயா. வேலையாக இருக்கும்போது என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அந்த நேரத்திலும் நினைத்திருக்கிறாள் பாருங்கள்.